கோலுக்குப் பின்னால் நின்றவர்

வடசென்னையில் ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு மைதானம் இருந்தது. புல் என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதற்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். சின்னம் வரைய இடம் வேண்டுமே என்பதற்காகவாவது கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

அந்த மைதானத்தில் கிருபை மாஸ்டர் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். நாற்பதை எட்டாத வயது. சுற்றியிருந்த ஆறு தெருக்களில் தெருவுக்கோர் அணி. வார நாட்களில் ஆறு அணிகளுக்கும் அவர்தான் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை அவை ஒன்றோடொன்று மோதும்போது விசில் மட்டும்தான் அவருடையது.

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் ஜீவரத்தினம், பெயின்ட் கம்பெனித் தொழிலாளி, மாஸ்டரைவிட மிகவும் மூத்தவர். எந்தச் சாமியார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை, எந்தத் தலைவர் காலிலும் விழுந்ததில்லை. கம்பெனி வாசலில் துண்டறிக்கை கொடுத்தே தலை நரைத்தவர். மகள் சங்கமித்ரா கோல்கீப்பராக ஆட ஆரம்பித்தபோது, ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்க மைதானத்துக்கு வந்தார்.

மாஸ்டர் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் ஜீவரத்தினம் எல்லோரையும் தாண்டி முன்னால் போய் டம்ளரை நீட்டியபோது பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. திரும்பினால் கிருபை.

ஆஃப்சைடு ஓரளவு புரிந்தது. கேள்வி கேட்டவனை முறைக்காத வாத்தியாரை முதல் முறையாகப் பார்த்த ஜீவரத்தினம் அதற்குப் பிறகு மைதானத்தை விட்டுப் போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் முகம் வாடி வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"எதிர்ல யார் நிக்கிறாங்கன்னு பார்த்து நம்ம ஆளைத் தேர்ந்தெடுக்கிறது தப்பா?"

"ஆட்டத்துலயா?"

"ஆட்டத்துலதான். வேற எதுல?"

கிருபை அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பந்துப் பையின் முடிச்சை அவிழ்க்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

கம்பெனி கேன்டீனில் அந்த வருஷம் 'கனவு அணி' என்று ஒரு விளையாட்டு பரவியிருந்தது. ஆறு அணிகளிலும் ஆடுகிற பெண்களில் யாராவது பதினொரு பேரைப் பொறுக்கி, ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் அணியை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறன்று அந்தப் பெண்கள் நிஜமாகக் கோல் போட்டால் இவர்களுக்குப் புள்ளி. பதினொரு பேரில் ஒருத்தியைக் கேப்டன் என்று குறித்தால் அவளுடைய புள்ளி இரட்டிப்பு. வாராவாரம் ஆளை மாற்றலாம். சனிக்கிழமை ஆறு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் பெயர்களைப் போட்டுவிட வேண்டும். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் போட்டதுதான் கணக்கு.

எல்லோரும் நல்ல ஆட்டக்காரியைத் தேடினார்கள். ஜீவரத்தினம் ஆட்டக்காரியைத் தேடவில்லை, போட்டி அட்டவணையைப் பார்த்தார். அது அவர் போராட்டத்தில் கற்றது. தன் பலத்தைப் பார்த்து வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கிறவன் தோற்பான். முதலாளி எப்போது திணறுவான் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதம், ஆர்டர் மலைபோலக் குவிந்து கிடந்த நேரத்தில், அவர் அறிவித்த வேலைநிறுத்தம்தான் அந்தக் கம்பெனியில் ஜெயித்த ஒரே வேலைநிறுத்தம்.

அதே கணக்கை இங்கேயும் போட்டார். கோல் அடிக்கிற ஃபார்வேர்டு சுமாரானவளாக இருக்கட்டும், எதிரே ஓட்டை அணி என்றால் அவளைப் போடு. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் எதிரே பலமான அணி என்றால் எடுத்துவிடு.

ஆறு அணிகளில் ஓட்டையிலும் ஓட்டை, கால்வாய்க்கரை அணி. அதன் கோல்கீப்பர் சங்கமித்ரா.

இதில் ஒரு சங்கடம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. கணக்கு வேறு, பிள்ளை வேறு. வாராவாரம் கால்வாய்க்கரையை எதிர்த்து ஆடுகிற அணியின் ஃபார்வேர்டுதான் அவருடைய கேப்டன். சீசன் முடிய ஒரே வாரம் இருக்கும்போது அவர்தான் முதலிடம்.

இரண்டாமிடத்தில் ஷிஃப்ட் மேனேஜர் ராமபத்ரன் இருந்தார். ஜீவரத்தினத்தை இரண்டு முறை சஸ்பெண்ட் செய்தவர். தொழிலாளி முன்னால் ஒரு முறைகூட வாய்விட்டுச் சிரிக்காத அந்த மனிதர், இந்தக் குழுவில் மட்டும் மஞ்சள் பொம்மைகளாகச் சிரித்துத் தள்ளுவார். அவரை எல்லோர் கண் முன்னாலும் ஒரு முறை, ஒரே ஒரு முறை தோற்கடிக்க வேண்டும். ஜீவரத்தினத்துக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

கேன்டீன் கூட்டத்துக்கும் அவர் கணக்கு மெல்லப் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கால்வாய்க்கரையின் கோலுக்குப் பின்னால் போய் நின்றார்கள். கோல் அங்கேதானே விழும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் கூட்டமும் மைதானத்தின் நீளத்துக்கு நடந்து மறுபக்கம் போகும். முன்னால் நடப்பவர் ஜீவரத்தினம். ஊர்வலம் நடத்திப் பழகிய கால்கள்.

போன ஞாயிறு அது நடந்தது.

பந்து மித்ராவின் விரல் நுனியில் உரசி உள்ளே போனது. கோல் போட்டவள் ஜீவரத்தினத்தின் கேப்டன். வலையில் கிடந்த பந்தை எடுக்க மித்ரா திரும்பினாள். வலைக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா கோஷம் போடுகிறவரைப்போல முஷ்டியை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

அவள் பந்தை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து ஒன்று மட்டும் சொன்னாள்.

"நீ எனக்காகத்தான் பின்னால வந்து நிக்கிறன்னு நெனச்சேன், நைனா. பக்கம் மாறுனாலும் கூடவே வர்றியேன்னு பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. பயிற்சிக்கும் வரவில்லை. கடைசி வாரம் கால்வாய்க்கரைக்கு எதிரே ஆடப்போவது ரயில்வே காலனி அணி. அதன் ஃபார்வேர்டு ரோஸ்லின், ஆறு தெருவிலும் சிறந்தவள். கணக்குப்படி இப்படியோர் ஆட்டம் சீசனில் ஒரு முறைதான் வாய்க்கும்.

இதைத்தான் அவர் மாஸ்டரிடம் கேட்டிருந்தார்.

கிருபை பந்துகளைத் தரையில் உருட்டிவிட்டுத் திரும்பினார்.

"செருப்பைக் கழட்டிட்டுப் போய் கோல்ல நில்லுங்கண்ணே."

"நானா?"

"கேள்வி உங்களோடதுதானே?"

ஜீவரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றார். கோல் போஸ்ட் அவர் நினைத்ததைவிட மிகவும் அகலமாக இருந்தது.

"ரோஸ்லின், அங்கிளுக்கு அஞ்சு பால்."

"மெதுவாவா மாஸ்டர்?"

"ஏன், உன்னை அவர் கேப்டனாப் போடறப்ப மெதுவா அடிக்கச் சொல்லியா போடப்போறாரு?"

மற்ற பெண்கள் கைதட்டிக்கொண்டே வலைக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றார்கள்.

முதல் பந்தை அவர் பார்க்கவே இல்லை. இரண்டாவதற்கு இடப்பக்கம் தாவினார், அது வலப்பக்கம் போனது. மூன்றாவது நேராக வந்து வயிற்றில் அறைந்து வெளியே தெறித்தது.

"அங்கிள் சேவ்!"

"தொப்பை சேவ் பண்ணுச்சுடி, அங்கிளா பண்ணாரு?"

"கண்ணத் தொறந்து வைங்க அங்கிள்!"

ஐந்தும் முடிந்தபோது அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கிருபை பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தெரிஞ்சுதுண்ணே?"

"பயம்."

"ரோஸ்லினைப் பாத்தா?"

"அவளைப் பாத்து இல்ல. அவ எதிர்ல நிக்கிறா, கண்ணுக்குத் தெரியறா. பின்னாடி கேட்ட சத்தம்தான் மாஸ்டர். திரும்பிப் பாக்க முடியல. திரும்புனா பந்து வந்துடும். அவங்க என் பக்கமா, ரோஸ்லின் பக்கமா, ஒண்ணும் புரியல."

"கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேக்கிறது? முதுகாலயா?"

கிருபை பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"மாஸ்டர், பதில்?"

"நீங்க இன்னும் கேள்வியையே முடிக்கலயேண்ணே."

ஜீவரத்தினம் வயிற்றைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். முதலாளித்துவத்தின் நெருக்கடியை அரை மணி நேரத்தில் விளக்கக்கூடியவருக்கு, தான் இப்போது கேட்ட கேள்வி எது, கேட்காமல் விட்டது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் ராமபத்ரன் அவரை நிறுத்தினார்.

"என்ன தலைவரே, கடைசி வாரம். கேப்டன் ரோஸ்லின்தானே?"

"எதுக்குக் கேக்கறீங்க சார்?"

"நான் அவளைப் போட்டாச்சு. நீங்களும் அவளையே போட்டா முன்னாடி இருக்கிற நீங்கதான் ஜெயிப்பீங்க. போடலன்னா நான்." அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஆனா நீங்க போட மாட்டீங்கய்யா. வீட்ல பொண்ணு முகத்தைத் தூக்கி வச்சிருக்காமே? பிள்ளைப் பாசம் மேனேஜ்மென்ட்டை என்னைக்கும் கைவிட்டதில்ல. போன ஸ்ட்ரைக்ல, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ்னு சொல்லித்தானே உங்க ஆளுங்க நாலு பேர் முதல்ல உள்ள வந்தாங்க?"

ஜீவரத்தினத்தின் காதுகள் எரிந்தன. அந்த நாலு பேரையும் அவர் கருங்காலி என்று துண்டறிக்கையில் பெயர் போட்டு எழுதியவர். அவர்களில் ஒருவரோடு இன்றுவரை பேசுவதில்லை.

அன்று முழுக்க அவர் பெயின்ட் டிரம்களை உருட்டிக்கொண்டே யோசித்தார். ரோஸ்லினைப் போட்டால் மகளுக்குத் துரோகம். போடாவிட்டால் அந்த நாலு பேரோடு தானும் ஐந்தாவது ஆள். சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைதான் பெரிது. குழுவில் எழுதினார்: கேப்டன், சங்கமித்ரா.

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போனார். மித்ரா கட்டிலில் உட்கார்ந்து விரல்களுக்கு பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கேப்டனாப் போட்டுட்டேன்மா."

அவள் நிமிர்ந்தாள். அந்த வாரம் அவரோடு பேசிய முதல் வார்த்தை வந்தது.

"எதுக்கு?"

"எதுக்கா? நீ என் பொண்ணு."

"சீசன் பூரா நான் யார் பொண்ணு?"

ஜீவரத்தினம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கோல்கீப்பரை எவன்னா கேப்டனாப் போடுவானா? அதுவும் எதிர்ல ரோஸ்லின் ஆடறப்போ? ஜீவா அண்ணன் பொண்ணு மேல எரக்கப்பட்டுட்டாருன்னு குரூப்ல ஓட்டறாங்களாம். இப்பதான் எனக்கு போன் வந்துது. உன் எரக்கம் எனக்கு வேணாம் நைனா. ரோஸ்லின்தான் பெஸ்ட். அவளைப் போடாதவனுக்கு ஆட்டமே தெரியாது."

"அப்போ அவளையே போட்றட்டுமா?"

"போட்டுப் பாரேன்."

"போட்டா இன்னா பண்ணுவ?"

"நீ போடு. அப்புறம் தெரியும்."

"அதுவும் வேணாம், இதுவும் வேணாம்னா நான் இன்னாதான் பண்றது?"

"என்னை ஏன் கேக்கிற? உன் மாஸ்டரைப் போய்க் கேளு."

அவள் பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

அவர் குழுவில் பெயரை மாற்றினார்: ரோஸ்லின். சனிக்கிழமை காலை டீ குடிக்கும்போது மனசு உறுத்தியது: சங்கமித்ரா. ஷிஃப்ட்டுக்குள் நுழைகையில் ராமபத்ரனின் முதுகு தெரிந்தது: ரோஸ்லின். குழுவில் யாரோ கேட்டார், "தலைவரே, பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சா?" அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். அவர் மறுபடியும் மாற்றினார். மத்தியானச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு முறை மாற்றினார். கொள்கையில் அவர் ஒருநாளும் இப்படித் தள்ளாடியதில்லை. கொள்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா ஊன்றி நிற்பதற்கு.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போனார். கிருபை குனிந்து மறுநாள் ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஜீவரத்தினத்தைப் பார்த்ததும் கயிற்றின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.

"இழுத்துப் பிடிங்கண்ணே."

அவர் பிடித்தார்.

"மாஸ்டர், மித்ரா நாளைக்கு வருவாளா?"

"காலைல வந்துட்டுப் போனா. தனியா."

"என்ன சொன்னா?"

"பந்து போடச் சொன்னா. போட்டேன்."

"என்னைப் பத்தி?"

"பந்தைப் பத்திதான் பேசினோம்."

கயிறு தொய்ந்தது. "இழுத்துப் பிடிங்க" என்றார் கிருபை. ஜீவரத்தினம் இழுத்துப் பிடித்தார்.

"நான் இந்த ஆட்டத்திலேருந்தே விலகிடறேன் மாஸ்டர்."

"விலகுங்க."

"விலகினா ராமபத்ரன் ஜெயிச்சுடுவான்."

"ஜெயிக்கட்டும்."

"அது எப்படி? அதை மட்டும் விட முடியாது!"

"அப்போ ஆடுங்க."

"ஆடினா என் பொண்ணு..."

"அப்போ விலகுங்க."

"நீங்க என்னை வச்சு விளையாடறீங்க மாஸ்டர்."

"நானாண்ணே?"

அவர்கள் அடுத்த கோட்டுக்கு நகர்ந்தார்கள். ஜீவரத்தினம் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். பெனால்டி ஏரியாவை முடித்து, கோல் லைனுக்கு வந்து, ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குக் குனிந்தபடியே வெள்ளைக் கோட்டை இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் மண் குழிந்து கிடந்தது. நின்று நின்று தேய்ந்த குழி. அதற்குமேல் சுண்ணாம்பு நேராக விழவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. கிருபை நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு தாண்டிடுச்சுண்ணே. கடைசியா யாரைப் போட்டீங்க?"

ஜீவரத்தினம் வாயைத் திறந்தார். சோற்றுக் கையோடு மாற்றியது ரோஸ்லினா? இல்லை, அதற்கு முன்னால் மாற்றியதுதான் ரோஸ்லினா? பஸ்ஸில் வரும்போது ஒரு முறை போனை எடுத்தாரே, அப்போது மாற்றினாரா, மாற்ற நினைத்ததோடு விட்டாரா?

"தெரியல மாஸ்டர்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு. திரையில் வெள்ளை ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தபோது கிருபை கையை நீட்டினார். கொடுத்தார். கிருபை அதைத் திறந்து பார்க்காமல் பந்துப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

"நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் வாங்கிக்குங்க."

"யாராவது சொல்லிடுவாங்களே?"

"சொல்றவங்க பக்கத்துல நிக்காதீங்க."

"கேப்டன் யாருன்னே தெரியாம மேட்ச் எப்படிப் பாக்கிறது மாஸ்டர்? கோல் விழுந்தா சந்தோஷப்படறதா, வருத்தப்படறதா?"

"எனக்கும் அதைப் பாக்கணும்னுதான் ஆசை."

ஜீவரத்தினம் வாளியைக் கீழே வைத்தார். பேசியபோது குரல் மேடையில் பேசுகிற குரலாக இல்லை.

"அவ கோலுக்குப் பின்னாடி நான் போய் நின்னா, கூட்டத்தோட கூட்டமா மறுபடியும் வந்துட்டேன்னு நெனைப்பா. வராமலே இருந்துட்டா, விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனைப்பா. நாளைக்கு நான் எங்கதான் நிக்கட்டும் மாஸ்டர்?"

கிருபை மைதானத்தின் மறுகோடியில் இருந்த கோலைக் காட்டினார்.

"கால்வாய்க்கரை ஆடறப்ப, எதிர் டீமோட கோல் பக்கம் சீசன் பூரா ஒரு ஆள் நின்னதில்ல. அங்கேருந்து பார்த்தா உங்க பொண்ணு முகம் தெரியும்ண்ணே."